தைக்கு வந்துரும்

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கச் சம்மதம் என்று தமிழ்வாணி கையெழுத்துப் போட்டாள். படிவத்தை வாங்கிய நர்ஸ், "நீங்க யாரு அவருக்கு?" என்றாள். "மக." என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்கவில்லை. அந்தமட்டுக்கும் நல்லது.

மூன்று மாதமாகப் புண்ணை மறைத்திருக்கிறார் அப்பா சோணைமுத்து. அவள் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு, முள் குத்தியது என்று நொண்டியிருக்கிறார். நேற்று ஏன் என்று கேட்டதற்கு, "மருந்து கண்டுபிடிச்சவ அப்பனே ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னா, ஊருல உன்னைய என்ன பேசுவாங்க?" என்றார்.

போன வருடம் பேப்பரில் வந்திருந்தது. சர்க்கரைப் புண்ணை ஆற்றும் களிம்பு, எலிகளிடம் வெற்றி. ஊர்ப் பையன்கள் கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவள் பட்டம் வாங்கிய போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவர்கள் தெருவிலிருந்து ஒரு முகம் அவ்வளவு உயரத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஃப்ளெக்ஸில் 'எலிகளிடம்' என்ற சொல் இல்லை. சேர்க்கச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அப்பா அதன் கீழே நின்று, யார் யாருக்கோ டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றாள்.

ஆய்வகத்தில் அந்தக் களிம்பு ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். ஐந்து லிட்டர் செய்தால் பாலைப் போலத் திரிந்துவிடும். பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் மறுபடி வரவில்லை. இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் யோசித்து, ஒவ்வொரு முறையும் "வந்துரும்ப்பா" என்றாள். அவர் ஊருக்குள் "தைக்கு வந்துரும்" என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது மாசியும் முடியப்போகிறது. தனக்கு ஒரு துளி கொண்டு வா என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மதியம் பக்கத்து வீட்டு மலையாண்டி சாத்துக்குடிப் பையோடு வந்தார். "என்ன மாப்ள, புள்ளத்தாச்சி மாதிரி படுத்துக் கெடக்க? மகளே டாக்டரு, உனக்கு எதுக்கு இந்தக் கட்டிலு?" சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இடது பாதத்தில் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்.

"கம்பெனியில மிசினு வந்து எறங்கிருச்சாம் மச்சான்" என்றார் அப்பா, அவசரமாக. மகளைப் பார்க்கவில்லை.

"அதுக்குத்தேன் நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். தாயி, மொத டப்பா எனக்கு."

தமிழ்வாணி அவர் காலில் கட்டியிருந்த பையைப் பார்த்தாள். "மாமா, மருந்து இல்ல."

"இன்னும் வரலங்குற."

"இல்லவே இல்ல மாமா. எலிக்குத்தேன் போட்டுப் பாத்துருக்கு. மனுசருக்கு வர பத்து வருசம் ஆகலாம், வராமயும் போகலாம். எந்திரிங்க, இப்பவே டாக்டர்கிட்டக் காமிச்சிருவோம்."

மலையாண்டி எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்தார், பிறகு சோணைமுத்துவைப் பார்த்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். இறுகிப்போயிருந்தது. நிமிர்ந்தபோது கண் மட்டத்தில் அப்பாவின் கட்டில். போர்வைக்குள் இரண்டு பாதங்களும் மேடு தட்டித் தெரிந்தன. வலது பாதத்தை மட்டும் அவர் மெல்ல, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.