ஜாடிக்குத் தைத்த திரை

ஜன்னல் திரை தைப்பதில் மாஸ்டரை மிஞ்ச அந்த வீதியில் ஆள் கிடையாது. அவருடைய விசேஷத் தயாரிப்பு மூன்று அடுக்குத் திரை. உள்பக்கம் நல்ல துணி, நடுவில் கறுப்பு, முதுகில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பூச்சு. மாட்டிவிட்டால் நண்பகலிலும் அறைக்குள் தன் கை தனக்கே தெரியாது. அவருக்குக் ‘கும்மிருட்டு’ என்று பட்டம் சூட்டியவள் சொந்தத் தங்கை. கீழே கடையில் திரைகளுக்கு வளையம் அடிப்பதும் அண்ணனை வாருவதும் அவள் அன்றாட வேலை.

மாஸ்டரின் மனைவிக்கு மீன்தொட்டி சுத்தம் செய்யும் தொழில். பல் மருத்துவர், வங்கி, துணிக்கடை என்று ஊரில் எங்கெங்கே தொட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் வாளியும் ரப்பர் குழாயுமாகப் போய்வருவாள். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் தொட்டியைக் கழுவியவளுக்கு இப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. சிறுவர் அறிவியல் கூடத்தின் மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தார்: மூடி திறக்காமல், தீனி போடாமல், நாற்பது நாள் ஒரு ஜாடிக்குள் உயிர்களை வாழவைத்துக் காட்டினால் கூடத்தின் நீளச் சுவர் முழுவதும் அப்படி ஜாடிகள் வைக்க அவளுக்கே. கூடவே நிரந்தர வேலை.

மாடி அறையின் ஜன்னலோர மேசையில் அந்த ஜாடி உட்கார்ந்திருந்தது. இருபது லிட்டர் கொள்ளும். அடியில் குளத்துச் சேறு, அதில் நட்ட நீர்ச்செடிகள், ஐந்து நத்தை, சுண்டுவிரல் நகம் அளவில் எட்டுச் சிவப்பு இறால். மூடியைச் சுற்றி மெழுகு.

யார் வந்தாலும் சாப்பிடச் சொல்லும் மாஸ்டருக்கு முதல் நாளிலிருந்தே இது பொறுக்கவில்லை.

“பதிமூணு ஜீவனைப் பட்டினி போட்டு அடைச்சு வச்சிருக்கியே, நியாயமா?”

“யாரும் பட்டினி இல்லைங்க. செடி வெளிச்சத்தைச் சாப்பிடுது. மத்ததெல்லாம் செடியைச் சாப்பிடுது.”

“வெளிச்சத்துல வயிறு நிறையும்னா எனக்கும் ஒரு தட்டு போடேன்.”

அவள் விளக்கமாகச் சொல்லத்தான் செய்தாள். வெயிலை வாங்கிச் செடி தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். இறாலுக்கும் நத்தைக்கும் அந்த வித்தை தெரியாது. பாசியையும் உதிர்ந்த இலையையும் தின்றுதான் பிழைக்கவேண்டும். அவற்றின் கழிவு சேற்றில் மக்கி மறுபடி செடிக்கே உரமாகும். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே ஒரு விளிம்பை மடித்துத் தைத்து முடித்தார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டார்.

முப்பத்தாறாம் நாள் மனைவியின் அக்காவுக்குப் பிரசவ வலி. ஜாடியைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அன்று வெயில் கொளுத்தியது. மாஸ்டர் மாடிக்குப் போய் ஜாடியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி வெதுவெதுவென்றிருந்தது. திரை தைக்கிறவருக்கு வெயிலுக்கு வைத்தியம் ஒன்றுதானே தெரியும்? ஜன்னலை அளந்தார். கடையிலேயே உயர்ந்த துணியை வெட்டினார். சாயங்காலத்துக்குள் தைத்து மாட்டியும் விட்டார். ஊசி முனையளவு வெளிச்சமும் உள்ளே வரவில்லை.

போனில் மனைவி கேட்டபோதெல்லாம் ஜாடி ஜில்லென்று இருப்பதாகச் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. இறால்களின் தூக்கம் கலையக்கூடாது என்று இருட்டிலேயே ஜாடியைத் தடவிப் பார்த்துவிட்டு உடனே கதவைச் சாத்திவிடுவார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு முப்பத்தொன்பதாம் நாள் காலையில் அவள் திரும்பி வந்தாள். மாடிக் கதவைத் திறந்தவள் இருட்டில் தடுமாறி, துணியைப் பிடித்து இழுத்தாள். திரை கம்பியோடு கீழே வந்தது.

நத்தைகள் மூடிவரை ஏறி ஒட்டியிருந்தன. இறால்கள் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணினாள். ஏழு. எட்டாவது அடியில் அசையாமல் கிடந்தது.

சத்தம் கேட்டு மாஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

“இந்த ஜன்னல்தாங்க அதுங்களுக்கு அடுப்படி. மூணு நாளா மூடி வச்சுட்டீங்க,” என்றாள். “சாப்பாடு மட்டும் இல்ல. வெளிச்சம் பட்டாத்தான் செடி மூச்சுக்காத்து விடும். இருட்டுல அதுவும் சேர்ந்து காத்தை இழுத்துக்கும்.”

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். மூன்று நாள் கொளுத்திய வெயில் அன்றைக்கென்று பார்த்து மேகத்துக்குள் போயிருந்தது.

அவள் பையைத் திறந்து காற்று விடும் பம்பையும், மெழுகைச் சுரண்டும் கத்தியையும் மேசைமேல் எடுத்து வைத்தாள். மூடியைத் திறந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். நாற்பது நாள் கணக்கும் நீளச் சுவரும் அத்தோடு போகும்.

“மதியம் வரைக்கும் பார்ப்பேன். சுவர் போனாலும் பரவாயில்ல, இதுங்க சாகக் கூடாது.”

மாஸ்டர் கடைக்கு ஓடி, தையல் மெஷின் விளக்குகள் நான்கையும் கழற்றிக்கொண்டு வந்து ஜாடியைச் சுற்றி வைத்தார். அவை அழுதுவடிந்தன. பின்னாலேயே வந்த தங்கை தரையில் கிடந்த திரையைப் பார்த்தாள்.

“ஏண்ணே, ஜன்னல்ல இது தடுக்கிற வெளிச்சமெல்லாம் எங்க போகுது?”

“எங்க போகும்? வெள்ளியில பட்டுத் திரும்பி வெளியே...” என்றவர் பாதியில் நிறுத்தினார். அடுத்த நொடி திரையை அள்ளிப் புரட்டினார்.

மூன்று நாற்காலிகளை ஜாடிக்குப் பின்னால் வளைத்துப் போட்டு, வெள்ளி முகம் ஜாடியைப் பார்க்கும்படி திரையைக் கட்டினார்கள். ஜன்னலில் வந்த மங்கல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் வெள்ளியில் பட்டு ஜாடிக்குள் விழுந்தன. அறையே பளிச்சென்று ஆனது. மேல் விளிம்பு மட்டும் தொய்ந்தது. மாஸ்டர் ஸ்டூலில் ஏறி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். தங்கை மாற்றிப் பிடிக்கட்டுமா என்று கேட்டாள். குற்றவாளி தானே நிற்பதாகச் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். மனைவி கத்தியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே குனிந்தாள்.

ஓர் இலையின் நுனியில் குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழன்று மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு சரம் சரமாக.

“வருதுங்க.” அவள் குரல் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. “செடி சமைக்க ஆரம்பிச்சிடுச்சு.”

“அப்போ நான் கையை இறக்கலாமா?”

“இறக்கினீங்க, தொலைச்சிடுவேன்.”

மூன்று மணிக்கு முதல் இறால் அடிக்கு இறங்கி, ஒரு கல்லில் படிந்திருந்த பாசியைக் கொறித்தது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் பந்திக்கு வந்தன. மாஸ்டருக்கு அன்றுதான் மனம் நிறைந்தது.

மறுநாள் மேலாளர் அம்மாள் வந்தார். மெழுகைத் தடவிப் பார்த்தார். இறால்களை எண்ணினார். ஒன்று குறைகிறதே என்றார். மனைவி வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டு, திரை தைத்ததிலிருந்து கை வலி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். எட்டாவது இறாலை நத்தைகள் தின்றுகொண்டிருப்பதையும், மிச்சம் சேற்றுக்குப் போகும் என்பதையும் அவரே சொன்னார். தப்பு தன்னுடையது, மனைவியின் ஜாடி மேல் குற்றமில்லை என்று முடித்தார்.

அம்மாள் சிரிக்கவில்லை. திரையை ஜன்னலில் பிடிக்கச் சொன்னார். பிடித்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் குமிழிகள் குறைந்து, குறைந்து, நின்றேவிட்டன. எடுக்கச் சொன்னார். மேகம் விலகியிருந்தது. சற்று நேரத்தில் இலைகளிலிருந்து குமிழிகள் கிளம்பின. அம்மாள் சிறு பிள்ளை மாதிரி இன்னும் இரண்டு தடவை மூடவும் திறக்கவும் வைத்தார்.

“சுவர் உங்களுக்குத்தான்,” என்றார் மனைவியிடம். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். “ஆனா ஒவ்வொரு ஜாடிக்கும் இந்த மாதிரி ஒரு திரை வேணும். பிள்ளைங்க கயிறு இழுத்து மூடித் திறக்கிற மாதிரி. தைப்பீங்களா?”

மாஸ்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டு, அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தார். அது கழுத்திலேதான் கிடந்தது.

“கயிறை விட்டா திரை தானா திறந்துக்கணும்,” என்றாள் மனைவி. “மூடியே நிக்கிற மாதிரி தைச்சீங்க, வீட்டுப் பக்கம் வராதீங்க.”