கேட்காமல் வந்த மருந்து வண்டி

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மார்லிஸ், திருப்பத்தில் காரை மெதுவாக்கியபோதே பார்த்துவிட்டாள். ரோட்டோரம் அவளும் கணவரும் பூ விதைத்திருந்த நிலத்துக்குள், பக்கத்துப் பண்ணை வெர்ஜில் குரூஸின் களைக்கொல்லி வண்டி நின்றது. இரண்டு பக்கமும் மருந்து தெளிக்கும் நீளக் கைகளை விரித்துக்கொண்டிருந்தது.

அயோவாவில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருத்தர் வீட்டில் ஆள் படுத்துவிட்டால் போதும், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மறுநாளே அக்கம்பக்கத்தார் தங்கள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நன்றி சொன்னால்கூடக் கூச்சப்படுவார்கள். ஆனால் யாரும் வாயைத் திறந்து உதவி கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கேட்டவருக்கு மானம் போச்சு. நல்ல ஜனங்கள்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப்போல் முட்டாள்களை நான் கண்டதில்லை.

மார்லிஸின் கணவர் லோவெல் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடைந்ததே இந்த நிலத்தால்தான். களையை அறுக்கப் போன இடத்தில், சரிவில் பழைய டிராக்டர் சாய்ந்து அவரைக் கீழே தள்ளிவிட்டது. அதற்கப்புறம் அறுக்க ஆளில்லை. ஜூன் மாத மழையில் களை ஆள் உயரத்துக்குக் கிளம்பிவிட்டது. ரோட்டில் போகிறவன் பார்த்தால் தரிசு என்றுதான் சொல்வான்; அதில் செய்ய ஒரு வேலை இருப்பதாக அக்கம்பக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் களைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கலப்பை படாத ரயில் பாதையோரம், இலையுதிர் காலம் தவறாமல், புருஷனும் பெண்டாட்டியுமாக நடந்து நடந்து பொறுக்கிய விதைகள் அவை: ஊதாக் கூம்புப்பூ, பால்செடி, அந்த மண்ணிலேயே பிறந்த இன்னும் எத்தனையோ பூக்கள். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பனிமேல் கையால் வீசி விதைத்தார்கள். பனியில் உறைந்து கிடந்தால்தான் அந்த விதைகளில் பாதி முளைக்கும். முளைத்ததும் மேலே வளராது. முதலில் வேரைத்தான் இறக்கும். அதுவரை களையை அறுத்து அறுத்து அதற்கு வெயில் காட்ட வேண்டும். மருந்து பட்டாலோ, களையோடு அதுவும் காலி. மறுபடி பொறுக்க இனி அந்த ரயில் பாதையோரமும் கிடையாது; இந்த வசந்தத்தில் அதை வழித்துச் சரளைக்கல் கொட்டிவிட்டார்கள்.

வண்டி நகர்ந்தது. குழாய்களிலிருந்து வெள்ளைப் புகைபோல மருந்து இறங்கியது.

மார்லிஸ் காரை நடுரோட்டிலேயே விட்டாள், கதவைக்கூடச் சாத்தவில்லை. வேலியைத் தாண்டும்போது பாவாடை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. கத்தினாள். வெர்ஜில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு எங்கே காதில் விழும்? வண்டி ரோட்டோர வரிசையை முடித்துக்கொண்டு அந்தக் கோடியில் திரும்பியது. அறுபது வயதுப் பெண், களைக்குள் கால் தடுக்கி விழுந்தாள். எழுந்து, இறைக்க இறைக்க ஓடி, வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். களை உயரத்தில் அவள் தலை அவருக்குத் தெரிகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நகரவில்லை.

சக்கரம் மிக அருகில் வந்து நின்றது. மருந்து நின்றது. வெர்ஜில் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா, சாகணும்னே வந்து நின்னியா?"

"அதை மூடுங்க. மொதல்ல அதை மூடுங்க."

"மூடியாச்சு. லோவெல்தான் என்னை வரச் சொன்னான்."

மார்லிஸுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. லோவெலா? கூடவே குனிந்து பொறுக்கிய அதே லோவெலா? வெர்ஜில் தொப்பியைக் கழற்றி, கையில் வைத்துத் திருகிக்கொண்டே சொன்னார். நேற்று லோவெல் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டானாம். இன்னும் ரெண்டு நாளில் அவளே அந்த டிராக்டரில் ஏறிவிடுவாள், சரிவில் உருண்டு செத்தே போவாள், அதற்குள் ஒரே தடவையில் எல்லாவற்றையும் மருந்தடித்து முடித்துவிடு, கோடை முழுக்க வந்து அறுக்கச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன் என்றானாம். வார்த்தை கொடு என்று கேட்டு வாங்கினானாம்.

அவள் ஏறத்தான் இருந்தாள். நாளைக் காலையிலேயே.

அவள் மண்டி போட்டுக் களையை விலக்கினாள். சொரசொரப்பான சின்ன இலைகள் இரண்டு மூன்று மண்ணை ஒட்டிக் கிடந்தன. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தாங்கள் விதைத்த பூச்செடி அது என்று சொன்னாள். வெர்ஜில் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு இவ்வளவுதானா? என் தாடிகூட இதைவிட வேகமா வளரும்."

அவள் சிரிக்கவில்லை. இந்த முப்பது வருஷத்தில் அவள் இவரிடம் ஒரு கைப்பிடி உப்புகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"எனக்கு இந்தக் களையை அறுத்துக் குடுங்க. ஒரு சாண் உயரம் விட்டு அறுக்கணும். இந்தக் கோடை முழுக்க."

வெர்ஜில் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கும் கூச்சம். "நான் அவனுக்கு வார்த்தை குடுத்திருக்கேன் மார்லிஸ். படுத்துக் கிடக்கிறவனுக்குக் குடுத்த வார்த்தை."

"நான் அந்தச் சரிவுல ஏறக் கூடாது, அதுதானே அவருக்கு வேணும்? ஏற மாட்டேன். நீங்க ஏறினா."

அவர் ரோட்டோர வரிசையில் மருந்தின் ஈரம் இன்னும் மினுங்குவதைப் பார்த்தார்.

"இதை மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த வரிசையாவது மிஞ்சியிருக்கும்ல?"

அவர் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். வரமாட்டாரோ என்று அவள் வேலியோரம் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவருடைய, சரிவில் சாயாத அகலச் சக்கர டிராக்டர் அறுப்பு இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் லோவெல் அவள் கண்ணைப் பார்க்காமல் கேட்டார்.

"வெர்ஜில் வந்தானா?"

"வந்தாரு."

"முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டாரு."

அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. விடியும்வரை இந்த மனுஷன் வேகட்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். லோவெல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். போர்வைக்குள் தோள் குலுங்கியது.

"எல்லாமேவா? அந்தக் கூம்புப்பூ... பாலத்துக்குப் பக்கத்துல, மழையில நனைஞ்சுக்கிட்டு நாம பொறுக்கினது?"

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கொல்லல. அறுத்துதான் குடுத்தாரு. ரோட்டோரம் ஒரு வரிசைதான் போச்சு. கோடை பூரா வந்து அறுப்பாரு."

"அவனுக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணல. நான் கேட்டேன்."

லோவெல் அழுகையை விட்டுவிட்டுத் திரும்பி அவளையே பார்த்தார்.

"நீயா? வாயைத் திறந்து கேட்டியா?"

"கேட்டேன். நீயும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."