இருநூத்தி எண்பத்தொண்ணு இடப்பக்கம்

எனக்கு வலது எது, இடது எதுன்னு தெரியலையாம். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, ஆபீஸே சேந்து முடிவு பண்ணிடுச்சு. நாப்பத்தொன்பது வயசுல இப்படி ஒரு பேர் வாங்கினவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அதுவும் யாரால? என் வீட்டுக்காரரோட தங்கச்சியால. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே நான்தான். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, அதை நான் கையெழுத்துப் போட்டு வெச்சுக்கிட்டேன்.

என்ன வேலைன்னு சொல்லிடறேன். ஆழ்கடல்ல, ரெண்டு மூணு கிலோமீட்டர் அடியில இருக்கற சேத்துக்குள்ள நீளமான குழாயை இறக்கி, அப்படியே உருவி எடுத்துட்டு வருவாங்க. கப்பல்ல போறவங்க வேற, நாங்க வேற. எங்க கைக்கு வர்றது அந்தச் சேறு மட்டும்தான், அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி வெட்டிப் பாக்கெட்ல போட்டது. மேல இருக்கறது புதுச் சேறு, கீழ போகப் போகப் பழசு. அதைச் சல்லடையில கொட்டி, தண்ணி விட்டு அலசினா, களிமண்ணெல்லாம் போயி ரவை மாதிரி கொஞ்சம் தங்கும். அந்த ரவையை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பாத்தா, அம்மாடி, அத்தனையும் ஓடு! கடல்ல மிதந்துட்டு இருந்த குட்டி உயிருங்க, செத்து அடியில விழுந்து, ஓடு மட்டும் ஆயிரக்கணக்கான வருஷமா அப்படியே கிடக்கு. நாலஞ்சு குமிழியை ஒட்ட வெச்ச மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கும். பதினேழு வருஷமாப் பாக்கறேன், எனக்கு இன்னும் சலிக்கல.

அதுல ஒரு வகை இருக்கு. ரொம்பக் குளிர்ந்த தண்ணியில இருந்தது இடப்பக்கமாச் சுருண்டிருக்கும். அதைவிடச் சூடான தண்ணியில இருந்தது வலப்பக்கமாச் சுருண்டிருக்கும். ஒரு தட்டுல முந்நூறு ஓட்டைப் பரப்பி, இடம் எத்தனை, வலம் எத்தனைன்னு எண்ணினாப் போதும். அந்தச் சேறு படிஞ்ச காலத்துல கடல் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடலாம். ஒரே ஒரு விஷயம், ஓட்டோட வாய் நம்மளப் பாத்த மாதிரி இருக்கணும். குப்புறக் கிடந்தா சுருள் மாறித் தெரியும். இதெல்லாம் என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எங்க மேடம் என்னைவிடப் பதினாலு வயசு சின்னவங்க, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு தட்டை ரெண்டு பேர் எண்ணணும், ஒருத்தர் எண்ணினது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது, சீட்டுல எழுதி மடிச்சு டப்பாவுல போட்டுடணும்னு சட்டம் வெச்சிருந்தாங்க. கூட எண்ணிட்டு இருந்தவங்க வேலையை விட்டுப் போனதும், ஆஸ்பத்திரி லேப்ல ரத்த அணு எண்ணிட்டு இருந்த என் நாத்தனாரை நான் சிபாரிசு பண்ணினேன். கெட்டிக்காரி, வேகம் ஜாஸ்தி. வாயும் ஜாஸ்தி, அது வேற விஷயம்.

அவ வந்த வாரமே புது மைக்ரோஸ்கோப் ஒண்ணும் வந்து இறங்குச்சு. அதுல கண்ணு வெச்சுப் பாக்கற இடமே கிடையாது. கேமராதான் பாக்கும், ஓடெல்லாம் பெரிய திரையில தெரியும், போட்டோவும் எடுத்து வெச்சுக்கும். நான் ஜன்னலோரம் என் பழைய மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சு உக்காந்திருப்பேன். அவ நாற்காலியில சாஞ்சுக்கிட்டு சினிமா பாக்கற மாதிரி எண்ணுவா.

"அண்ணி, நீங்களும் இதுல பாருங்களேன், ஏன் இன்னும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு?"ன்னா ஒரு நாள்.

எனக்குப் பொசுக்குன்னு கோபம் வந்துடுச்சு. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, உன் திரையை நீயே வெச்சுக்கோ"ன்னுட்டேன். அந்த வாயை அன்னைக்கு மூடிட்டு இருந்திருக்கலாம்.

ரவையிலேருந்து ஓட்டை நான் பொறுக்கித் தட்டுல பரப்பிக் குடுப்பேன், அவ எண்ணுவா, நானும் எண்ணுவேன். பதினஞ்சு தட்டு முடிஞ்சதும் மேடம் டப்பாவைத் திறந்தாங்க. முதல் தட்டுல நான் இடம் இருநூத்தி எண்பத்தொண்ணு, வலம் பத்தொன்பதுன்னு எழுதியிருக்கேன். அவ இடம் பத்தொன்பது, வலம் இருநூத்தி எண்பத்தொண்ணு. அடுத்த தட்டும் அப்படியே நேர்மாறு. பதினஞ்சும் அதே கதைதான்.

மேடம் முதல்ல சிரிச்சாங்க. "யாரோ ஒருத்தர் கட்டத்தை மாத்தி எழுதிட்டீங்க"ன்னாங்க. நான் மாத்தலன்னேன். அவளும் மாத்தலன்னா. தட்டை எடுத்துத் திரும்பப் பாக்கலாம்னா, எண்ணி முடிச்ச ஓடெல்லாம் அமிலத்துல கரைச்சுப் பாக்கற லேபுக்குப் போயாச்சு. மேடம் போட்டோவைத் திறந்தாங்க. ஓடுங்க சமத்தா வாயை நம்ம பக்கம் காட்டிட்டு, வலப்பக்கமாச் சுருண்டு உக்காந்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, இருநூத்தி எண்பத்தொண்ணு! அவகிட்ட போட்டோ சாட்சி இருக்கு. என்கிட்ட என் வாயைத் தவிர என்ன இருக்கு?

"அக்கா, நீங்க குப்புற வெச்சு எண்ணிட்டீங்களோ?" மேடம் மெதுவாத்தான் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

மேடத்துக்கு இன்னொரு சந்தோஷம் வேற. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பனிக்காலம் முடியற சமயத்துல, கடல் சூடாச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. போட்டோ கணக்குப்படி எங்க இடத்துல சூடா இருந்த கடல் அப்பத்தான் குளிர்ந்திருக்கு. பெரிய கண்டுபிடிப்பு! ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை வெளியூர்க் கூட்டத்துல பேசப் போறாங்க. என்னை அலசற ரூமுக்குப் போகச் சொல்லிட்டாங்க. ஒண்ணாம் தேதி ஜன்னலோர நாற்காலிக்குப் புது ஆள் எடுக்கறதா ஏற்பாடு. என் மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டு மூடினதை நான் நின்னு பாத்தேன்.

கண் டாக்டர்கிட்ட போனேன். "போட்டிருக்கற கண்ணாடியே போதும்மா, கண்ணு ஜோரா இருக்கு"ன்னார். வேற யாரா இருந்தாலும் சந்தோஷப்படுவாங்க. எனக்கு வேற கவலை வந்துடுச்சு. கண்ணுல கோளாறு இல்லேன்னா, கோளாறு மண்டையிலதானே? அன்னையிலேருந்து செருப்பு மாட்டும்போதுகூட ரெண்டு காலையும் மாறி மாறிப் பாக்க ஆரம்பிச்சேன்.

"இது வலது கால், அது இடது கால், நடுவுல நிக்கறது நீ"ன்னார் என் வீட்டுக்காரர். அவர் பாடும் திண்டாட்டம்தான். ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. "அண்ணி மேல எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா போட்டோ போட்டோதானே"ன்னு அவ சொன்னதா வந்து சொன்னார். போட்டோவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்னு அவரையும் திட்டி அனுப்பினேன்.

இப்ப யோசிச்சா, நானே புதுசா ஒரு தட்டைப் பரப்பி எடுத்துட்டுப் போயி ரெண்டு மைக்ரோஸ்கோப்புலயும் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்திருக்கலாம். ஏன் பாக்கலன்னா, பயம். பாத்து, நான்தான் தப்புன்னு தெரிஞ்சுட்டா? வீம்புன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். ஒன்பது நாள் அவகிட்ட முகம் குடுத்துப் பேசல.

பத்தாவது நாள், அலசிக் காய வெச்ச ரவையைக் குடுக்கறதுக்காக மைக்ரோஸ்கோப் ரூமுக்குப் போனேன். டப்பாவை மேஜையில வெச்சுட்டு விறுவிறுன்னு திரும்பிடணும்னுதான் போனது. பொறுக்கிக் குடுக்க ஆள் இல்லாததால, அன்னைக்கு முதல் தடவையா அவளே பொறுக்கிட்டு இருந்தா. மெல்லிசு பிரஷ், நுனியை நாக்குல தொட்டு ஈரம் பண்ணி, திரையைப் பாத்துக்கிட்டே ஓட்டைத் தொட்டு எடுக்கறா. நானும் திரையைப் பாத்தேன். அவ கையைப் பாத்தேன். மறுபடியும் திரையைப் பாத்தேன்.

"நில்லு. கையை அசைக்காதே"ன்னேன்.

"என்ன அண்ணி, ஒன்பது நாள் கழிச்சு முதல் வார்த்தையே அதட்டலா?"

"பிரஷ் எந்தக் கையில இருக்கு?"

"வலது கையில. ஏன், அதுலயும் இப்ப உங்களுக்குச் சந்தேகமா?" அவ குசும்பு போகுமா?

"திரையில பிரஷ் எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"இடப்பக்கத்துலேருந்து." சாதாரணமாச் சொல்றா! "அதுக்கென்ன? ஆஸ்பத்திரியில பன்னெண்டு வருஷம் எல்லாமே இப்படித்தான். கண்ணாடித் துண்டை வலப்பக்கம் நகத்தினா இடப்பக்கமா ஓடும். மைக்ரோஸ்கோப்னா அப்படித்தானே அண்ணி?"

"அப்ப அங்க மேல நகத்தினா?"

"கீழ போகும்."

"சரி, இப்ப தட்டை மேல நகத்து."

நகத்தினா. திரையில ஓடெல்லாம் மேலயேதான் போச்சு. அவ முகம் மாறினதைப் பாக்கணுமே! அந்த ஆஸ்பத்திரி மைக்ரோஸ்கோப்புல எல்லாமே சேந்து சுத்தித் தெரியும், சுருள் மாறாது. இங்க மேல கீழ ஒழுங்கா இருக்கு, இடம் வலம் மட்டும் மாறுது. முகம் பாக்கற கண்ணாடியில தெரியறாப்ல. வேற யாரா இருந்தாலும் முதல் நாளே, என்னடா இது தட்டு எதிர்ப்பக்கம் ஓடுதேன்னு கத்தியிருப்பாங்க. இவளுக்குப் பன்னெண்டு வருஷப் பழக்கம், கையும் கண்ணும் அதுக்கே ஊறிப்போச்சு. அவ எண்ணிக்கை தப்பே இல்ல. காட்டினதுதான் தப்பு.

"அய்யய்யோ!"ன்னு ஒரு சத்தம். நான் போடல, அவதான். பிரஷைத் தூக்கிப் போட்டுட்டு, வெறுங்காலோட ஓடினா. நான் போயி மேடம்கிட்ட நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு அடி எடுத்து வைக்கறதுக்குள்ள, வராண்டா பூரா அவ குரல்தான். "மேடம், அண்ணி சரி! அண்ணிதான் சரி! எல்லாத் தட்டும் அண்ணி சரி!"

அவளா சொல்றான்னு நின்னுட்டேன். அவ சும்மா இருந்திருந்தாக்கூட நான் போயி நிரூபிச்சிருப்பேன். ஆனா எனக்கு முன்னாடி அவ ஓடினா பாருங்க, அந்த நிமிஷம் அவளை எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. கண்ணு கலங்கிடுச்சு, அதை மறைக்கவும் இல்ல.

மேடம் வந்தாங்க, பிரஷைப் பிடிச்சுப் பாத்தாங்க, கம்ப்யூட்டர்ல கேமரா செட்டிங்கைத் தேடினாங்க. படத்தை இடம் வலம் மாத்திக் காட்டறதுக்குன்னு ஒரு கட்டம், அதுல சின்னதா ஒரு டிக். பொருத்திட்டுப் போன ஆள் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். அதை எடுத்ததும் திரையில இருந்த ஓடெல்லாம் டபக்குன்னு இந்தப் பக்கம் திரும்பிச்சு. மேடம் தலையில கை வெச்சு உக்காந்துட்டாங்க.

"வெள்ளிக்கிழமை இதைப் போயி அத்தனை பேர் முன்னாடி பேசியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும் அக்கா"ன்னாங்க. "உங்களைப் போயி... மன்னிச்சுக்கோங்க."

மன்னிக்கறதா வேண்டாமான்னு நான் யோசிக்கறதுக்குள்ள அவங்க வரைபடத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க. பெரிய கண்டுபிடிப்பு போச்சு, ஊர்ல எல்லாரும் சொல்ற மாதிரிதான் எங்க கடலும் சூடாகியிருக்கு. ஆனா மேடம் திரைக்குக் கிட்டப் போயி விரலை வெச்சாங்க. "அக்கா, இதைப் பாருங்க! நாலே தட்டு! இந்தக் குழாய்ல சேறு வேகமாப் படிஞ்சிருக்கு, நாலு தட்டுன்னா ஒரு நூறு வருஷம். அதுக்குள்ள குளிர் போயி சூடு வந்திருக்கு. கடல் ஆற அமர மெதுவாத்தான் மாறும்னு நினைக்கறவங்களுக்கு இதைக் காட்டணும். ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ஒரே கணக்கு, யாரும் வாயைத் திறக்க முடியாது!" சொல்லிக்கிட்டே குதிச்சாங்க. அந்த வயசுக்குக் குதிக்கலாம்.

"இன்னும் ஒரே ஒரு தட்டு"ன்னாங்க அப்புறம். அந்த மாறற இடத்துலயே இன்னொரு பாக்கெட் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு பேரும் இப்பவே, சீட்டுல எழுதி.

என் மைக்ரோஸ்கோப்போட உறையை நானே உருவினேன். முந்நூறு ஓட்டைப் பொறுக்கிப் பரப்பினேன். இடமும் வலமும் சரிக்குச் சரி கலந்து கிடந்த தட்டு, இருக்கறதுலயே கஷ்டமானது. நான் எண்ணி எழுதினேன், அவ திரையில எண்ணி எழுதினா. மேடம் ரெண்டு சீட்டையும் பிரிச்சாங்க. நான் இடம் நூத்தி நாப்பத்திரெண்டு. அவ நூத்தி நாப்பத்தொண்ணு.

ஒண்ணு உதைக்குது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். "நீங்க சொன்னதே இருக்கட்டும் அண்ணி"ன்னா அவ. "அதெல்லாம் வேண்டாம், தேடு"ன்னேன். வரிசை வரிசையாப் போனோம். கடைசி வரிசையில ஒரு ஓடு, வாய்ல சேறு அடைச்சுக்கிட்டு. பிரஷை நனைச்சு, மெதுவாத் தட்டிச் சேத்தை எடுத்துட்டு, லென்ஸ்ல கண்ணை வெச்சேன்.

வலது.

"நான்தான் தப்பு"ன்னேன், ரூமே கேக்கற மாதிரி. மேடம் வாயைப் பிளந்தாங்க. நாத்தனார் என் நெத்தியைத் தொட்டுப் பாத்தா, காய்ச்சலான்னு. எனக்குச் சிரிப்பு தாங்கல, கண்ணாடியெல்லாம் நனைஞ்சு போச்சு. முந்நூறுல முந்நூறும் தப்புன்னு ஒன்பது நாள் தூக்கம் இல்லாம கிடந்தவளுக்கு, ஒண்ணே ஒண்ணு தப்புன்னா அது எவ்வளவு பெரிய சந்தோஷம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? என் சீட்டுல நூத்தி நாப்பத்தொண்ணுன்னு திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டு, "அடுத்த பாக்கெட்டை எடுத்துட்டு வாடி"ன்னு நாத்தனாரை விரட்டினேன்.