பதினான்காம் நாள்

துக்கத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் வாடிய செடி படக்கூடாது என்று, ஜன்னலோரத் தொட்டிகள் மூன்றுக்கும் அண்ணன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இலைகள் துவண்டு விளிம்பில் தொங்கின. தொட்டியைத் தொடாதே என்று தங்கை சொல்லியிருந்தாள். நோயாளியின் பிடிவாதம் என்று விட்டிருந்தார். இப்போது அவள் கூடத்தில், வெள்ளைத் துணிக்குள். விடியலில்தான் மூச்சு நின்றது.

பயிர் ஆராய்ச்சிக்காரி. இலைக்குள் வேலை செய்யும் ஒரு நொதியோடு இருபது வருடம் மல்லுக்கட்டினாள். வறட்சியில் அதன் வடிவம் குலையும். குலைந்தால் வேலை நிற்கும், செடி துவளும். அதைக் குலையாதபடி இறுக்கிக் கட்டிவிட்டதாகக் கட்டுரை எழுதினாள். கழுத்தில் மாலை விழுந்தது. பிறகு, இறுக்கிய நொதி வேலையே செய்யவில்லை என்று கண்டு, கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றாள். குடும்ப மானம் போயிற்று என்று அண்ணன் ஆறு மாதம் பேசவில்லை.

"அப்போ அதை உன் முதுகு மாதிரி செஞ்சுட்டேண்ணா," என்றாள், அவர் மறுபடி வந்த அன்று. "கொஞ்சமாவது வளைஞ்சாத்தான் அது வேலை செய்யும். இந்தத் தடவை இடம் விட்டுக் கட்டியிருக்கேன்."

பத்து மணிக்கு ஓர் இலை எழுந்திருந்தது. சற்று கழித்து இன்னொன்று, யாரோ கை ஊன்றி எழுவதுபோல. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிடரியில் பார்வை ஒன்று படிந்தே இருந்தது.

மதியம் அவளோடு வேலை செய்த பெண் வந்தாள். அழுது நிமிர்ந்தவள் ஜன்னலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மேல்மண் அதற்குள் காய்ந்திருந்தது.

"அண்ணா, இன்னிக்குப் பதினாலாவது நாள். சொட்டுத் தண்ணி இல்லாம நிக்குது பாருங்க. லேப்ல சாதாச் செடியெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அக்கா ஜெயிச்சுட்டாங்க."

கட்டுரை விஷயத்தைக் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்த சித்தப்பா பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினார். அண்ணன் அந்த முகத்தை ஒரு கணம் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து விரித்தாள். பதின்மூன்று கட்டங்களில் தங்கையின் கையெழுத்து, போகப்போக நடுங்கி. பதினான்காவது காலி.

"நீங்களே எழுதுங்கண்ணா."

பேனாவை வாங்கினார். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசைமேல் குனிந்தார்.

'காலையில் வாடியிருந்தது. ஏழு மணிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

அவள் படித்தாள். அவர் நோட்டை மூடி, தங்கையின் தலைமாட்டில் வைத்தார்.

ஜன்னலில் கடைசி இலையும் மெல்ல எழுந்துகொண்டிருந்தது.