பேக் கம்ப்ரஷன்

கோதண்டபாணி இன்ஜினை ஒரு தடவை முடுக்கிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்கத் தேவையே இல்லை என்பதுபோல் கையைத் துடைத்துக்கொண்டார். அரக்கோணம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அந்த மனிதருக்குத் தீர்ப்பு சொல்வதில் எப்போதும் கொஞ்சம் அவசரம்.

“பேக் கம்ப்ரஷன்மா. பிஸ்டன் ரிங் போயிருச்சு. இன்ஜினை எறக்கணும்.”

டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்த கல்பனா மனசுக்குள் நாள் கணக்குப் போட்டாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பொங்கல் முடிந்து கரும்பு அரவை மும்முரமாக நடந்த சமயம். திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற வாடகையில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. புருஷன் ராஜவேலு புளியமரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து வண்டியை அவளே ஓட்டினாள். பொம்பளை டிராக்டர் ஓட்டுவதா என்று திறந்த ஊர் வாய், கரும்பு நேரத்துக்கு ஆலை போய்ச் சேர்ந்ததும் தானாக மூடிக்கொண்டது. இப்போது இன்ஜினைப் பிரித்துப் போட்டால், வண்டி வெளியே வருவதற்குள் அரவையே முடிந்துவிடும். வெட்டிய கரும்பு வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு எவனும் இவளுக்காகக் காத்திருக்க மாட்டான்.

கண்ணுக்குத் தெரிந்த கோளாறு என்னவோ உண்மைதான். வண்டி ஓட ஓட, இன்ஜினுக்குள் ஆயில் அளவு பார்க்கும் குச்சி தானாக எகிறி வெளியே வந்தது. இன்ஜின் பொருத்துகளை அடைத்திருக்கும் சீல் ஓரமெல்லாம் ஆயில் கசிந்து வழிந்தது.

“ரிங் போனா வேற இன்னாண்ணா ஆவும்?” என்று கேட்டாள்.

“மேல வெடிக்கிற காத்து ரிங்கைத் தாண்டி கீழ ஆயில் இருக்கிற எடத்துக்கு எறங்கிடும். அந்த அழுத்தம்தான் குச்சியைத் தூக்கி அடிக்குது. பொகை நீலமா வரும். காலைல ஸ்டார்ட் ஆவ அழும். லோடு இழுக்காது.”

“நீலப் பொகையே இல்லீங்களே. பனியில கூட ஒரே அடில ஸ்டார்ட் ஆவுது. நேத்து முழு லோடோட பாலத்து மேட்டுல திணறாம ஏறுச்சு.”

கோதண்டபாணி தலையைச் சொறிந்தார். தெரியாததைத் தெரியும் என்று சாதிக்கிற ஆள் இல்லை அவர். தெரிந்ததை முழுசாகப் பார்க்காமல் சொல்லிவிடுகிற ஆள்.

“காத்து ஜாஸ்தியா உண்டாவுதா, இல்ல உண்டான காத்து வெளிய போவ வழி இல்லாம நிக்குதா? அது தெரியாம எறக்க வாணாம்ணா. குக்கர் வெயிட்டுல பருப்பு அடைச்சிகினா அடுப்பையா உடைக்கிறோம்?”

“நல்லா கேட்டே போ” என்று முனகியபடி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். முதலில் புஸ்ஸென்று அடைபட்ட காற்று வெளியேறியது. அப்புறம் மெல்லிய ஆவிதான். உள்ளங்கையை மேலே காட்டினார், கையைத் தள்ளவில்லை. ரிங் போயிருந்தால் குபுகுபுவென்று புகை அடித்திருக்க வேண்டும். குச்சியைச் செருகினார், அசையாமல் நின்றது. மூடியைத் திருகி மூடிய கொஞ்ச நேரத்தில் மறுபடி எகிறியது.

“ஆங், நீ சொல்றதுதான். போவ வழி இல்ல.”

இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு குழாய் இறங்கித் தரையைப் பார்த்து நிற்கும். பிரீதர் பைப் என்பார்கள். உள்ளே சேரும் காற்று வெளியேறுவதற்கு அது ஒன்றுதான் வழி. கோதண்டபாணி குனிந்து, அதன் வாயில் கட்டியாக இறுகிப்போயிருந்த ஆயில் சேற்றை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். சேறு உதிர்ந்தது. அடியில் துணி. துணியின் மடிப்பில் கொஞ்சம் மஞ்சள். குழாயின் வாயை மூடி, காசு வைத்து முடிந்த முடிச்சு.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “முருகனுக்கு வேண்டிகினு முடிஞ்சதும்மா இது. நான் தொடமாட்டேன்.”

அதை யார் முடிந்து வைத்தது என்று கல்பனாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாமியார் கௌரியம்மாள். ஒரு கத்தி போதும், வேலை முடிந்துவிடும். யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் மகனுக்காக ஒருத்தி முடிந்ததைத் திருட்டுத்தனமாக அறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பஸ் பிடித்து ஊருக்குப் போய், மாமியாரைக் கையோடு கூட்டிவந்தாள்.

கௌரியம்மாள் குழாயைப் பார்த்ததுமே குரலை உயர்த்தினாள். “எம்புள்ள எழுந்து நடந்து, அவனே வண்டிய முருகன் மலையடிவாரத்துக்கு ஓட்டியாந்து அவுக்கணும்னு வேண்டிகினு கட்டினது. யாரும் கைய வெக்கக் கூடாது.”

“ஸ்டீரிங்ல கட்டியிருக்கலாமே அத்தே?”

“ஸ்டீரிங்குக்கு இன்னா உசுரு கீது? இன்ஜின் ஓடசொல்ல கைய வெச்சி வெச்சிப் பாத்தேன். இந்தக் கொழாயிலதான் மூச்சு வந்துச்சி. மூச்சு வர்ற எடத்துல தானே கட்டணும்?”

கோதண்டபாணி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்பனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

“மூச்சுலயேதான் கட்டிட்டீங்க அத்தே. அதான் திணறுது. இது நின்னா அவருக்கு மருந்தும் இல்ல, சோறும் இல்ல. அவரு எழுந்துக்கிற வரைக்கும் இது ஓடியாவணும்.”

“அவுத்து, அவனுக்கு எதுனா ஆயிட்டா?”

கல்பனா இடது கையை நீட்டினாள்.

“வேண்டுதலை அவுக்க வாணாம். எடத்த மாத்துங்க. எனக்கும்தான் மூச்சு வருது. என் கையில கட்டுங்க. அவரு நடந்துவந்து அவுக்கட்டும்.”

கௌரியம்மாள் அந்தக் கையை வெறித்துப் பார்த்தாள். ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. பிறகு குழாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆயிலில் ஊறி இறுகிய முடிச்சு லேசில் இளகவில்லை. கோதண்டபாணி கத்தியை நீட்டியபோது, “சும்மா இருப்பா” என்று அதட்டிவிட்டு, நகத்தாலேயே நெம்பி நெம்பி அவிழ்த்தாள்.

கோதண்டபாணி கம்பி விட்டுக் குழாயைச் சுத்தம் செய்து வண்டியைக் கிளப்பினார். முழு வேகத்தில் முடுக்கினார். குழாய் வழியே காற்று சீராக வந்தது. குச்சி இருந்த இடத்தில் இருந்தது.

“எறக்க வாணாம்மா. கசியிற சீல் மட்டும் மாத்திடறேன். சாயந்தரம் லோடுக்குப் போ.”

கல்பனா டயரில் சாய்ந்துகொண்டாள். கௌரியம்மாள் அவள் மணிக்கட்டை இழுத்து, கறுத்துப்போன துணியைச் சுற்றி, கண்ணை மூடி மகன் பேரைச் சொல்லி முடிந்தாள். அத்தோடு விடவில்லை. மிச்சமிருந்த துணி நுனியில் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

“இது எதுக்கு அத்தே?”

“அது அவனுக்கு. இது உனுக்கு.”

வாழவந்த இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து தனக்காக ஒரு வேண்டுதல் வந்து கல்பனா கேட்டதில்லை. இரண்டாவது முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

“அவருத அவரு அவுப்பாரு. என்னுத யாரு அவுக்கறது?”

“எதுக்கு அவுக்கணும்?” என்றாள் கௌரியம்மாள். “இருக்கட்டும்.”