சேட் வீட்டு மாடியில் அறுந்த பட்டங்கள்

என் புருஷனுக்குப் பட்டம் விடத் தெரியும், பேசத் தெரியாது. கல்யாணங்களுக்கு அழைத்துப் போனால் ஒருவருக்கும் விசிட்டிங் கார்டு கொடுக்காமல் திரும்பி, அதைச் சட்டையோடு துவைக்கப் போட்டுவிடுவார். இனிப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழில் எங்களுடையது. இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? ஹோலிக்குள் பெரிய ஆர்டர் வராவிட்டால் மிஷினை விற்றுவிடுவது என்று பேசி முடித்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் நவீன் சேட் வீட்டிலிருந்து உத்தராயணப் பட்டத் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. அகமதாபாத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய இனிப்புக் கடை இருக்கும். அவர் மனைவி சரளாபென் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டை வற்ற பஜனை பாடி நான் சம்பாதித்த அழைப்பு அது.

கிளம்பும்போதே சொல்லிவிட்டேன். "உங்க வித்தைய அங்க காட்டாதீங்க. சேட் பட்டம் கிட்ட வந்தா அறுபட்டுப் போங்க. மனுஷன் குஷியா இருந்தாத்தான் ஆர்டர் கேக்க முடியும்."

தன் கையாலேயே நூலுக்கு மாஞ்சா தடவிக் காயவைத்த மனுஷன், தலையாட்டினார்.

மாடியில் சொன்னபடியே நடந்துகொண்டார். சேட் அவருடைய பட்டங்களை ஒவ்வொன்றாக அறுத்துத் தள்ளினார். நூல் உருளையைப் பிடித்தபடியே நான் சரளாபென்னிடம் எங்கள் பெட்டிகளின் பெருமையை அளந்தேன். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று சேட்டே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த பட்டத்தையும் அறுத்துவிட்டு சேட் என் புருஷனைக் கேட்டார், "என்ன கிரீட்பாய், உங்க பெட்டியும் இப்படித்தான் பிஞ்சு போகுமா?"

மாடியே சிரித்தது. என் புருஷனும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. பாவி, இதைச் செய்யச் சொன்னது நான்தானே.

"வெட்டுங்க," என்றேன் மெதுவாக.

"ஆர்டர்?"

"மிஷின் போனாப் போகுது. வெட்டுங்க."

அதற்குப் பிறகு சேட்டின் பட்டம் ஒன்றுகூட வானத்தில் நிலைக்கவில்லை. சேட் நூலைக் கீழே போட்டார். "அப்ப காலைலேருந்து வேணும்னேதான் விட்டுக்குடுத்தீங்களா?"

வேறு யாராவது என்றால் காற்று திரும்பிவிட்டது என்று சமாளித்திருப்பார்கள்.

"ஆமா சேட். தக்ஷா சொன்னா," என்றார் என் புருஷன்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. சரளாபென் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சேட் சிரிக்கவில்லை. "சரி, இதையும் சொல்லுங்க. உங்க பெட்டில நெய் கசியுமா?"

"சாதா அட்டைன்னா கசியும் சேட். உள்ள மெழுகுத்தாள் ஒட்டினா கசியாது. ஆனா விலை கூடும்."

சேட் சொன்னார், "இப்ப பெட்டி குடுக்கறவன், கசியவே கசியாதுன்னு சத்தியம் பண்றான். தினம் கசியுது. திங்கக்கிழமை கடைக்கு மாதிரிப் பெட்டி கொண்டாங்க, பேசி முடிச்சுடலாம். நீங்க மட்டும் வாங்க. தக்ஷாபென் வேண்டாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் முதுகில் முகம் புதைத்து அழுதேன். ஆர்டர்தான் கிடைத்துவிட்டதே, இப்போது எதற்கு அழுகை என்று கேட்டார்.

"அங்க ஒரு சிரிப்பு சிரிச்சீங்களே," என்றேன், "அதை இனிமே யார் முன்னாலயும் சிரிக்காதீங்க."