மூன்றாம் வாசல் மகிழமரம்

கல்யாணமான புதிதில் சுலாஸ்மி என்னை "மாஸ்" என்றுதான் கூப்பிடுவாள். மகள் பிறந்ததும் அது "பாக்" ஆகிவிட்டது. இந்தோனேசியாவில், எங்கள் சிலெகோன் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாஸ் என்றால் ஆசைப் புருஷன், பாக் என்றால் பிள்ளைக்கு அப்பன். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த ஹர்யோ வருகிற வரைக்கும்.

ஹர்யோ பல்கலைக்கழகத்துக்காரன். ஆலைத்தூசி ஊரில் எங்கெங்கே எவ்வளவு படிகிறது என்று தெருமரத்து இலைகளைப் பறித்து, கழுவி, வருகிற அழுக்கை நிறுத்துப் பார்க்கிறானாம். துணைக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்றான். என் மனைவி முதல் ஆளாகப் போய் நின்றாள். அன்றிலிருந்து விடிந்தால் மாஸ் ஹர்யோ, பொழுது சாய்ந்தால் மாஸ் ஹர்யோ. வயசுப் பையன் யாரையும் மாஸ் என்பது வழக்கந்தான். தெரியும். தெரிந்தால் மட்டும் வயிறு எரியாதா?

நான் உருக்காலையில் கசடு அள்ளுகிறவன். கூட வேலை செய்கிற கோசிம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

"என்னப்பா, ஒன் வீட்டம்மா துறட்டியும் கையுமா அவன் பைக்ல போறாங்க! நம்ம ஆலை மூணாம் வாசல் மகிழமரத்துக்கிட்ட வாராவாரம் நிக்கிறாங்களே, அங்க என்ன விசேஷம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது நான் உட்கார்ந்து மதியச் சோறும் சோயா டெம்பேயும் தின்கிற மரம். நான் உள்ளே போனதும் அங்கேயே வந்து நிற்கிறாளென்றால் என்ன நெஞ்சழுத்தம்! இவள் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், அவன் முகரையைப் பெயர்க்க வேண்டும் என்ற வெறி ஒரு பக்கம்.

அடுத்த வாரம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். இப்போதெல்லாம் நாலடி ஓடினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமல் வருகிறது. இரண்டு பேரும் மரத்தடியில் தலையோடு தலை முட்டுகிற மாதிரி குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்ல வேற மரமே இல்லையாடா ஒனக்கு?" என்று கத்தினேன்.

ஹர்யோ இரண்டடி பின்னால் போனான். "ஐயோ, பாக் ஜுமாடி! என் திட்டத்துல இந்த மரமே கெடையாதுங்க. இவங்கதான் கேக்கல. இங்க நிறுத்தினாத்தான் வருவேன்னுட்டாங்க."

"ஏன்டி?"

சுலாஸ்மி என்னைக் கிட்டே இழுத்தாள். ஓர் இலையை வெள்ளைத்தாளின் மேல் தட்டினாள். தாளின் அடியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்தினாள். கறுப்புப் பொடி எழுந்து நின்று அதன் பின்னாலேயே ஓடியது.

"அம்புட்டும் இரும்பு. போன வாரம் நானே தொடச்சு விட்ட எலை இது." "தெனம் இதுக்கடியிலதான பொட்டலத்தப் பிரிச்சு வச்சு ஒக்கார்றீங்க? ராத்திரியெல்லாம் இருமுறீங்க. டெம்பேயோட சேத்து எதைத் திங்கிறீங்கன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?"

தாளிலிருந்த கறுப்புப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனாலும் பொறாமை அவ்வளவு லேசில் போகிறதா?

"அதுக்கு இவன்கூடத்தான் சுத்தணுமா?" என்று முனகினேன். முடிப்பதற்குள் இருமல் வந்து அடைத்தது.

அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஹர்யோ அங்கே நிற்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை.

"இனிமே இங்க சாப்பிடாதீங்க, மாஸ்," என்றாள்.